அத்தையும் ஒரு பழைய தியோடலைட்டும்

எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்க முடியாது. துடைப்பம் போய் ஓர் இரும்புச் சங்கிலியில் சிக்கிக்கொள்ளும். மாடு கட்டுகிற சங்கிலி அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் அளந்த சங்கிலி. நீளமான கம்பிகளை வளையம் போட்டுக் கோத்து, இடையிடையே பித்தளை வில்லைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அம்மா குனிந்து அதைத் தள்ளி வைத்து, பெருக்கி, மறுபடி இழுத்துப் போட்டுவிட்டு நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அத்தைக்குக் கேட்க வேண்டும் என்றே விட்ட பெருமூச்சு அது. அத்தைக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். மலைமேல் எங்கள் ஊரான செம்மேட்டில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் இன்ஜினீயர் ஆபீஸ் வைத்திருந்தார். வீட்டு பிளான், தோட்டத்து வரைபடம் எல்லாம் அங்கே அவள்தான் வரைவாள். இடத்துக்குப் போய் அளந்துவிட்டு வருவது ஆண்கள். அவர்கள் கொண்டுவருகிற அளவுகளை வைத்துக்கொண்டு, தான் ஒருபோதும் கால் வைக்காத தோட்டங்களை அவள் தாளில் வரைந்து தருவாள். எத்தனையோ தடவை தானும் போய் அளக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்க உனக்கு எதற்கம்மா சிரமம் என்று சொல்லி இன்ஜினீயர் அவளுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டார்.

சம்பளத்தில் பாதியை அவள் பழைய அளவைக் கருவிகளில் போட்டாள். சேலத்துப் பழைய இரும்புக் கடைகளிலும், இடித்துக்கொண்டிருந்த எஸ்டேட் பங்களாக்களிலும் தேடி எடுத்து வருவாள். வெல்வெட் கிழிந்த பெட்டியில் ஒரு திசைகாட்டி இருந்தது. நிலப்படம் வரைகிற பெரிய மரப்பலகை ஒன்று வந்தது. அம்மா அதில் வடகம் பிழிந்து காய வைத்தாள். சிவப்பும் கறுப்புமாக அடி குறித்த அளவுகோல் ஒன்று துணிக்கயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்றது. அத்தை ஆபீஸிலிருந்து வந்ததும் வடகத்தை ஒதுக்கிவிட்டுப் பலகையைத் துடைத்து உள்ளே கொண்டுவருவாள். காலையில் அம்மா அதை மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோவாள். இதில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நாங்கள் அடிவாரத்திலிருந்து பிழைக்க மேலே வந்தவர்கள். மலைக்காரர்களுக்கு நாங்கள் கீழ்நாட்டார். கீழே இருந்த சொந்தக்காரர்களுக்கு நாங்கள் மலைக்காரர்கள். அப்பா கடைவீதியில் குழாய், மண்வெட்டி, ஆணி, ஹோஸ் எல்லாம் விற்றார். அந்தக் கடையில்தான் ஒரு நாள் மலைக்குள்ளேயே இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து வந்த ஒரு விவசாயி, ஹோஸ் விலையைக் கேட்டுச் சோர்ந்துபோய் நின்றவர், அத்தை துடைத்துக்கொண்டிருந்த திசைகாட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தச் சாதிச் சாமான் ஒண்ணு எங்கூட்டுலயும் பொட்டியோட கெடக்குதுங்க. அதுல இடிச்சு இடிச்சு எங்கூட்டுக்காரிக்கு நகமே போயிருச்சு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை கடையிலிருந்து ஒரு சுருள் ஹோஸை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்; பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அந்த விஷயத்தில் எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். துணைக்கு என்று என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே வெகுதூரம் நடந்தோம். அந்த வீட்டில் பெட்டி சாமை மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. மூடியைத் திறந்ததும் அத்தை உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்தது தியோடலைட். கோணம் அளக்கிற கருவி. பித்தளையில் செய்த ஒரு சின்னத் தூரதர்சினி, அதைச் சுற்றி எண்கள் வெட்டிய வட்டங்கள், அடியில் திருகுகள். பச்சை பூத்துக் கிடந்தாலும் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அத்தை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “சிலந்தி நூல் கூட அறுந்து போகலை சாமி” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அந்தக் காலத்தில் கண்ணாடிக்குள் குறுக்குக் கோட்டுக்குச் சிலந்தி நூலைத்தான் ஒட்டுவார்களாம்.

விவசாயி ஹோஸை வாங்கி உள்ளே வைத்தார். வழியனுப்ப வந்தவர் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார். “எங்கூட்டுல இருந்து எடுத்தீங்கன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க. எங்கப்பன் அளக்க வந்தவங்களுக்குச் சங்கிலி புடிச்சவரு. அதைச் சொல்லிச் சொல்லியே இன்னும் எங்களைப் பேசறாங்க.”

“சொல்ல மாட்டேனுங்க” என்றாள் அத்தை.

பெட்டியை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். கருவியை நிறுத்துகிற முக்காலியை நான் தோளில் சாத்திக்கொண்டேன். மரமும் இரும்புமாக அது என்னைவிட உயரம். பத்தடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்தோம். வெயில் ஏறியது. அத்தையின் கழுத்தெல்லாம் வேர்வை வழிந்தது. ஆனால் முகத்தில் மட்டும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி ஒரு களை.

மேடு ஏறியதும் ரோடு தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவு முழுவதும் படிப்படியாக வயல், அதற்கு மேலே குச்சிக்கிழங்குத் தோட்டம், ஓடு போட்ட சின்ன ஊர். பஸ் வர நேரமிருந்தது. அத்தை பெட்டியை இறக்கினாள். என்னைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். “ஒரே ஒரு தடவை பாத்துட்டு மூடிரலாமா?” என்று என்னிடம் அனுமதி கேட்பது போலக் கேட்டாள்.

முக்காலியை விரித்து ஊன்றி, கருவியை மேலே பொருத்தினாள். அடியில் மூன்று திருகுகள். மேலே கண்ணாடிக் குழாயில் ஒரு காற்றுக்குமிழி. திருகுகளை இரண்டு கைகளாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அந்தக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். அது நடுவில் நின்றால்தான் கருவி மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றதும் மூச்சை விட்டாள். என்னையும் தூக்கிக் காட்டினாள். எதிர்ச்சரிவு தலைகீழாகத் தெரிந்தது. ஓடுகள் கீழே, வானம் அதற்கும் கீழே. கிழங்குத் தோட்டத்தில் நான்கைந்து பெண்கள் தலைகீழாக நின்று களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பழைய கருவிகளில் அப்படித்தான் தெரியும் என்றாள் அத்தை. அவளும் சிரித்தாள். அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைகீழாக இருந்த பெண்களில் ஒருத்தி எங்கள் பக்கம் கையை நீட்டினாள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். அதையும் சிரித்துக்கொண்டே அத்தையிடம் சொன்னேன்.

அத்தை என்னை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். பெட்டியில் வைத்துப் பூட்ட நேரமில்லை. அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். அவ்வளவு பாடுபட்டு நடுவில் நிறுத்திய குமிழியை, ஒரு திருகை வேகமாகத் திருப்பி ஓரத்துக்கு ஓடவிட்டாள். ஏன் என்று கேட்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

தோட்டத்துப் பெண்கள் மட்டுமில்லை. ஊருக்குள்ளிருந்து ஆண்களும் வந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு என் அம்மா வயது இருக்கும். கையில் மண் காயாத களைக்கொத்து. எங்களைப் பார்க்கவில்லை, தியோடலைட்டைத்தான் பார்த்தாள்.

“யாரு அனுப்புனது?” என்றாள்.

“யாரும் அனுப்பலீங்க. பஸ்ஸுக்கு நிக்கறோம்.”

“போன தடவையும் இதே மாதிரி ஒண்ணைத்தான் நட்டு வெச்சுப் பாத்தாங்க. சும்மா பாக்கறோம்னுதான் சொன்னாங்க. பாத்துட்டுப் போனாங்க. எங்கூட்டு மொளகுக்கொடி நின்ன எடம் இப்ப எவனோ கீழ்நாட்டுக்காரனுது.” அவள் சத்தம் போடவில்லை. பல பேரிடம் பல தடவை சொல்லி அலுத்த குரல். கூட வந்தவர்கள்தான் கத்தினார்கள். மலையைத் தோண்டப் போகிறார்கள் என்று அந்த வருஷம் ஒரு பேச்சு இருந்தது. அதற்கு அளக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். பொம்பளையும் குழந்தையுமாக அனுப்பினால் சந்தேகம் வராது என்று தந்திரம் பண்ணியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். போன் பண்ணி, அனுப்பின ஆளை வரவழை என்றார்கள். அத்தை போனை எடுத்துக் காட்டினாள். அந்த மேட்டில் சிக்னல் இல்லை.

“இது எங்க கெடைச்சுது? அதைச் சொல்லு” என்று ஒருவர் அதட்டினார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போகிறேன் என்று பயந்திருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாங்க பழைய இரும்பு பொறுக்கறவங்க, சாமி. செம்மேட்டு ரோட்டுல குப்பையில கெடந்துச்சு. கடையில போட்டா ஏதோ கெடைக்கும்னு எடுத்தோமுங்க.”

எனக்குக் காது சுட்டது. எங்கள் தெருவில் பழைய இரும்பு பொறுக்க வருகிறவனை அம்மா வாசற்படி ஏறவிடமாட்டாள்.

கூட்டத்திலிருந்து தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் முன்னால் வந்தார். ரோடு போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்தவராம். கருவியைச் சுற்றி வந்து குனிந்து குமிழியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது மட்டத்துலயே இல்லப்பா. தெரிஞ்சவங்க இப்படியா நிறுத்துவாங்க?”

“இல்ல! இப்பத்தான் எங்கத்தை மட்டம் பண்ணுனாங்க!” என்று நான் கத்திவிட்டேன். “எங்கத்தைக்கு எல்லாம் தெரியும். அவங்க பிளான் போடறவங்க!”

எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் விரல்கள் என் கையை இறுக்கின. பிறகு அவள் சிரித்தாள். சற்று முன் சிரித்த சிரிப்பில்லை. வாயை மட்டும் அகட்டிய சிரிப்பு. “கொழந்தைக்கு நான் கலெக்டருன்னு நெனப்புங்க.”

“அப்ப மட்டம் பண்ணிக் காட்டச் சொல்லுங்க” என்றது ஒரு குரல்.

மேஸ்திரி நகர்ந்து இடம் விட்டார். அத்தை போய் நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போலத் தடவினாள். திருக வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ திருகினாள். தூரதர்சினி ஆடி வந்து அவள் தாடையில் இடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். குமிழி முன்பைவிட மோசமான இடத்துக்குப் போயிருந்தது. தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து மேஸ்திரி, “உடுங்கப்பா, பொம்பளைக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது” என்றார்.

“ஆமாங்க” என்றாள் அத்தை.

அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் வெறுத்தேன். வீட்டில் யார் என்ன சொன்னாலும் தலைகுனியாதவள். அம்மாவின் பெருமூச்சுக்கும் அப்பாவின் முணுமுணுப்புக்கும் அசையாதவள்.

சிரிப்பு ஓய்ந்தும் சிலருக்குத் திருப்தியில்லை. பொழுது சாய்கிற வரை உட்கார வைத்து, யார் தேடி வருகிறார்கள் என்று பார்க்கலாம் என்றார்கள். அதுவரை சிரிக்காமல் நின்ற அந்தக் கொத்துக்காரி அப்போதுதான் அசைந்தாள். அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

“இரும்புக்குப் போடத்தானே கொண்டு போறே?”

“ஆமாங்க.”

“ஒடைஞ்சா என்ன. எடை ஒண்ணுதானே?”

“எடை ஒண்ணுதானுங்க.”

கொத்தின் காம்பால் ஓங்கி ஓர் அடி. கண்ணாடி தெறித்தது. இரண்டாவது அடியில் தூரதர்சினி வளைந்து, எண்கள் வெட்டிய வட்டம் கழன்று ரோட்டில் உருண்டது. “இனி இதை வெச்சு எவனும் எதையும் அளக்க முடியாது. பஸ்ஸு வருது. போகட்டும், வழியை உடுங்க” என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. விலகிவிட்டார்கள்.

அத்தை ரோட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுக்கினாள். பொறுக்கும்போது இரும்பு பொறுக்குகிறவளாகவே இருந்தாள். ஒரு துண்டைக்கூட மெதுவாக எடுக்கவில்லை, பெட்டிக்குள் தூக்கித் தூக்கிப் போட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூடியைத் திறந்து வெறும் வட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வருகிற வரைக்கும் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவளுக்கு அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “ஒரு சுருள் ஹோஸுக்கு இதா, அம்மிணி?” என்றாள்.

“கீழ விழுந்துருச்சுங்க அண்ணி.”

அம்மா அத்தையின் தாடையில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு அடுப்பில் உப்புப் பொட்டலத்தைச் சுட வைத்தாள். அன்று ராத்திரி கட்டிலுக்கு அடியில் இடம் பண்ணிப் பெட்டியை உள்ளே தள்ளியதும் அம்மாதான்.

இது இத்துடன் முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். சில வாரம் கழித்து, சந்தை நாளன்று கடையில் கூட்டமாக இருந்தது. அப்பாவுக்கு ஒத்தாசையாக அத்தை ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தலையில் ஒரு பலாப்பழக் கூடையோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் நான் கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்தேன். அந்தக் கொத்துக்காரி.

அவள் கூடையை இறக்கினாள். அத்தையை நேராகப் பார்த்தாள். “ஆபீஸு சன்னல் வழியாப் பாத்தேன், கண்ணு. போன வாரமும் பாத்தேன். கோடு போட்டுக்கிட்டு இருந்தே.”

அத்தை தராசை நிறுத்திவிட்டாள்.

“இந்தப் பாப்பா சொன்னது நெசம்னு அப்பவே தெரியும். திருகைத் தப்பாத்தான் திருப்புனே. ஆனா கை தெரிஞ்ச கை.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒடைக்காம இருந்திருந்தா அவனுங்க உங்களை உட்டிருக்க மாட்டானுங்க. அதுக்குத்தான் ஒடைச்சேன். கோவிச்சுக்காதே.”

“கோவமெல்லாம் இல்லீங்க.”

“எங்க நெலத்தை வந்து அளந்து குடு. எது வரைக்கும் எங்களுதுன்னு ஒருத்தி, நம்ம மாதிரி ஒரு பொம்பளை, அளந்து சொன்னாப் போதும். யாரைக் கேட்டாலும் அலைய உடறாங்க. எனக்கு நடக்கத் தெம்பில்ல.”

ஆணி வாங்க வந்தவர் தொண்டையைக் கனைத்தார். அத்தை தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் அளந்தா செல்லாதுங்க. கவர்மெண்டு சர்வேயர் வந்து அளந்தாத்தான் செல்லும். நான் வெறும் படம் வரையறவ. எனக்கு அளக்க உரிமை இல்லீங்க.”

“அன்னிக்குந்தான் தெரியாதுன்னே.”

“அன்னிக்குச் சொன்னது பொய்யுங்க. இது நெசம்.”

அவள் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எது பொய், எது நெசம்னு எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைக்க அத்தை கை கொடுத்தாள். அவள் போய்விட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். தியோடலைட்டை உடைத்தவள் கெஞ்சிக்கொண்டு வந்து நின்றாள். அத்தை அவளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள். மேட்டில் விட்டதை அத்தை கடையில் பிடித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு நாள் மனசுக்குள் வைத்திருந்த கோபமெல்லாம் போய்விட்டது. “நல்லாக் குடுத்தீங்க அத்தை” என்று சொல்லப் போனேன்.

அத்தை தராசை அப்படியே விட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள். செருப்புக்கூடப் போடவில்லை. சந்தைக் கூட்டத்துக்குள் அந்தக் கூடை போன பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓடினாள். பிறகு நடந்தாள். பிறகு ரோட்டு நடுவில் நின்றுவிட்டாள். ஒரு ஜீப்காரன் ஹாரன் அடித்து அவளைச் சுற்றிக்கொண்டு போனான்.

அந்தம்மா எதையோ மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் கடைக்குள் குனிந்து தேட ஆரம்பித்தேன்.